அழைப்புக் கடிதம் முதல் லாச்சப்பல் வரை

யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து பலாலி விமானநிலையம் சைக்கிளில் போய்விடக்கூடிய தூரம். 2019 ஒக்ரோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்களுக்கு அதனால் பெரிய வசதி. ஐரோப்பாவுக்குப் போகிறவர் மட்டும் இன்றும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெற்கே, கட்டுநாயக்கவுக்குத்தான் புறப்பட வேண்டும். உண்மையில் அவருடைய பயணம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, மின்னஞ்சலில் வந்த ஒரு அழைப்புக் கடிதத்தோடு தொடங்கிவிடுகிறது.

ஐரோப்பிய நகரம் ஒன்றில் நடக்கும் மாநாட்டுக்கு முதன்முறையாகப் போகும் விரிவுரையாளர், ஆசிரியர், ஆய்வு மாணவர், இசைக் கலைஞர் ஆகியோருக்காக இந்த அத்தியாயம். எடுத்துக்காட்டு நகரம் பாரிஸ்; தமிழாராய்ச்சிக்கும் அந்த நகரத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1964 ஜனவரியில் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள். முதலில் கோலாலம்பூரிலும் பிறகு சென்னையிலும் கூடிய அந்த மன்றத்தின் மாநாடு மூன்றாவது முறையாக 1970 ஜனவரியில் பாரிஸ் நகரத்தில், கொலேஜ் து பிரான்ஸ் என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில் நடந்தது. பிரெஞ்சு இந்தியவியல் அறிஞர் ஷான் ஃபிலியோசா அதை ஏற்று நடத்தினார். நான்காவது மாநாடு 1974 இல் யாழ்ப்பாணத்துக்கே வந்தது. பாரிசுக்கு அடுத்த படியாக யாழ்ப்பாணம் நின்ற காலம் அது.

இன்றும் பாரிசில் இனால்கோ என்ற கீழைத்தேய மொழி நிறுவனம் தமிழ் கற்பிக்கிறது. ஜெர்மனியின் ஹைடெல்பேர்க்கிலும் தமிழ் படிக்கலாம். ஹம்பேர்க்கில் தமிழ் ஏட்டுச்சுவடிகளை ஆராய்கிறார்கள். தென்னாசிய ஆய்வுக்கான ஐரோப்பிய மாநாடு 2018 இல் பாரிசிலும் 2023 இல் இத்தாலியின் தூரினிலும் 2025 இல் ஹைடெல்பேர்க்கிலும் கூடியது. கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியும் எழுத்தாளர் அ. ந. கந்தசாமியும் பிறந்த ஊர், என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் ஒலித்த ஊர் அளவெட்டி; அது இந்த மேடைகளில் சொல்வதற்குப் பொருள் இல்லாத ஊர் அல்ல. பொருள் இருந்தும் போக முடியாமற்போவது பெரும்பாலும் காகிதங்களால்தான். அதனால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி காகிதங்களைப் பற்றியதே.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

முதல் தடங்கல் பெயரில் வருகிறது. ஊரில் ஒருவர் ‘ச. குமரன்’ என்றே அறியப்படுவார். கட்டுரைச் சுருக்கத்தையும் அந்தப் பெயரிலேயே அனுப்பியிருப்பார். கடவுச்சீட்டில் ‘சண்முகநாதன் குமரன்’ என்று இருக்கும். மாநாட்டுச் செயலாளர் ஐரோப்பிய வழக்கப்படி முன்பின்னாக மாற்றி ‘குமரன் சண்முகநாதன்’ என்று கடிதம் எழுதுவார். வங்கிக் கணக்கில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ கிடக்கும். யாழ்ப்பாணத்தில் இதை யாரும் ஒரு பிழையாக நினைப்பதில்லை. விசா அதிகாரியின் மேசையில் நான்கு காகிதங்களும் நான்கு பேரைக் காட்டும்.

எனவே கட்டுரை அனுப்பும் நாளிலேயே கடவுச்சீட்டில் உள்ள முழுப் பெயரை, அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் கொடுத்துவிட வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எது, மற்றப் பெயர்கள் என்ற கட்டத்தில் எது என்று கடவுச்சீட்டைத் திறந்து பார்த்து எழுத வேண்டும். விமான ரிக்கற்றுக்கும் இதே விதிதான். பிறப்புச் சான்றிதழோ திருமணச் சான்றிதழோ தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுக்கும்போது அந்த எழுத்துக்கூட்டலை அவரிடம் எழுதிக் கொடுப்பது நல்லது. அவர் தம் வழக்கப்படி எழுதிவிட்டால் ஐந்தாவது பெயர் ஒன்று பிறந்துவிடும்.

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் முன்பு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டதால் அந்த அலைச்சல் குறைந்தது. ஏற்கெனவே கடவுச்சீட்டு இருந்தால் மூன்று விடயங்களைச் சரிபார்க்க வேண்டும். அது கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

மாநாட்டு அமைப்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே அச்சில் அனுப்பும் ‘உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது’ என்ற நான்கு வரி விசாவுக்குப் போதாது. தனியே விசாவுக்கான அழைப்புக் கடிதம் வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர்களுக்கு இது பழகிய வேலை.

அந்தக் கடிதம் நிறுவனத்தின் முகப்புத் தாளில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், கட்டுரைத் தலைப்பு, மாநாடு நடக்கும் இடம், தொடக்க நாள், முடிவு நாள், விசாரிப்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம் ஆகியவை அதில் வர வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது செலவு பற்றிய வரி. விமானச் செலவை யார் தருகிறார், தங்குமிடம் யாருடையது, பதிவுக் கட்டணம் விலக்கப்பட்டதா என்பதைத் திட்டமாக எழுதியிருக்க வேண்டும். பாதிச் செலவு பல்கலைக்கழகத்தினுடையது என்றால் அங்கிருந்தும் ஒரு கடிதம் தேவை. அரசாங்க ஊழியர், ஆசிரியர், விரிவுரையாளர் எல்லாரும் வெளிநாட்டு விடுமுறை அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அது பல மேசைகள் தாண்டி வருகிற காகிதம்.

விசா

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் தனித்தனி விசா கிடையாது. ஷெங்கன் வலயத்திலுள்ள 29 நாடுகளுக்கும் ஒரே குறுகியகால விசா. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பிரித்தானியாவும் அயர்லாந்தும் இந்த வலயத்தில் இல்லை என்பதை லண்டனில் உறவினர் உள்ளவர்கள் மறந்துவிடக் கூடாது.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்குப் பதினைந்து நாளாவது முன்பே கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள்; மேலும் விசாரிக்க வேண்டுமென்றால் 45 நாள் வரை போகலாம். விண்ணப்பம் கையளிக்க நாள் கிடைப்பதும் சுலபமல்ல. மூன்று மாதம் முன்பே தொடங்கியவரே நிம்மதியாகப் போய் வருவார். பிரான்சுக்கான விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, கொழும்பிலுள்ள வி.எஃப்.எஸ். நிலையத்தில் நேரில் கொடுக்க வேண்டும். விரலடையாளம் எடுப்பார்கள் என்பதால் வேறொருவரை அனுப்ப முடியாது. கடந்த 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்காக விரலடையாளம் கொடுத்தவருக்கு அதைப் பொதுவாக மறுபடி எடுப்பதில்லை. சில ஐரோப்பிய நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகமே இல்லை. அப்படியான நாட்டில் மாநாடு என்றால் விண்ணப்பத்தை யார் பொறுப்பேற்கிறார் என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. அறிவியல், ஆய்வு மாநாட்டுக்குப் போகும் ஆய்வாளர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று ஷெங்கன் விசாச் சட்டம் சொல்கிறது. படிப்புக்காகப் போகும் மாணவர்களுக்கும், அவர்களோடு போகும் ஆசிரியர்களுக்கும் அதே சலுகை உண்டு. நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. அதைக் கட்டத்தான் வேண்டும். ஆய்வாளர் என்பதைக் காட்டும் பல்கலைக்கழகக் கடிதத்தைக் கோப்பின் மேலேயே வைத்து, இந்தச் சலுகை தமக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 90 யூரோ யாழ்ப்பாணத்து ஆய்வு மாணவருக்குச் சிறிய தொகை அல்ல.

பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், பயண நாள் முழுவதுக்கும் இருக்க வேண்டும். விமான ரிக்கற்றைப் பதிவு மட்டும் செய்து காட்டினால் போதும். விசா கைக்கு வருமுன், பணம் திருப்பித் தராத ரிக்கற்றை வாங்கிக் காசை இழந்தவர்கள் பலர்.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மாதமாக இருபதாயிரம், முப்பதாயிரம் என்று ஓடிய கணக்கில் விண்ணப்பத்துக்கு முதல் வாரம் பன்னிரண்டு இலட்சம் வந்து விழுந்தால் அது உதவி அல்ல, சந்தேகம். அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது என்றால் அதை அப்படியே ஒரு கடிதத்தில் எழுதி, அனுப்பிய சான்றையும் இணைப்பதே வழி. ஊருக்குத் திரும்பி வருவார் என்பதற்குச் சான்றாக நிரந்தர வேலைக் கடிதம், காணி உறுதியின் மொழிபெயர்ப்பு, குடும்ப விவரம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். வடக்கிலிருந்து போகும் விண்ணப்பத்தில் அதிகாரி தேடுவது இந்தப் பகுதியைத்தான்.

அக்கா வீட்டில் தங்கலாமா

தாராளமாகத் தங்கலாம். ஆனால் அதற்கும் காகிதம் வேண்டும். பிரான்சில் உறவினர் வீட்டில் தங்கப் போகிறவருக்கு அந்த வீட்டுக்காரர் தம் ஊர் நகரசபையில் விண்ணப்பித்து ஒரு வரவேற்புச் சான்று எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு 2025 இல் 30 யூரோ முத்திரைக் கட்டணம். வீட்டின் பரப்பு, வருமானம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். அக்காவோ அத்தானோ வேலைக்கு லீவு போட்டு நகரசபைக்குப் போய் வர வேண்டியிருக்கும். மூலப் பிரதி தபாலில் ஊர் வந்து சேரவும் நாள் எடுக்கும். ஆகவே அழைப்புக் கடிதம் வந்த அன்றே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

செலவுக்குக் காட்ட வேண்டிய பணமும் இதைப் பொறுத்து மாறும். பிரான்சு கேட்பது, விடுதி பதிவு செய்தவருக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, பதிவு இல்லாதவருக்கு 120 யூரோ, வரவேற்புச் சான்று உள்ளவருக்கு 32.50 யூரோ. பத்து நாள் பயணத்தில் இந்த வித்தியாசம் பெரிது.

விடுதியைப் பதிவு செய்து காட்டிவிட்டு, விசா வந்ததும் அதை இரத்துச் செய்து உறவினர் வீட்டுக்குப் போவது பலரும் சொல்லிக் கொடுக்கும் யோசனை. அதை ஏற்கக் கூடாது. விமானநிலையத்தில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் விண்ணப்பத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் செய்யும் பொய் அடுத்த வருடம் அதே பல்கலைக்கழகத்திலிருந்து விண்ணப்பிக்கும் மாணவரின் தலையில் விழும்.

ஹைடெல்பேர்க்கில் நான்கு நாள் மாநாடு, பிறகு பாரிசில் பத்து நாள் அக்கா வீடு என்று திட்டமிட்டால் எந்த நாட்டிடம் விசா கேட்பது என்ற சிக்கல் எழும். பயணத்தின் முக்கிய இலக்கு எந்த நாடோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும் என்பது விதி. இங்கே நோக்கம் ஜெர்மனியைக் காட்டுகிறது, நாட்கள் பிரான்சைக் காட்டுகின்றன. முதல் பயணத்தில் உறவினர் வீட்டு நாட்களை மாநாட்டு நாட்களிலும் குறைவாக வைத்துக்கொண்டால் கேள்வி இல்லை.

இடைத்தங்கல்

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விதி. ஷெங்கன் விமானநிலையம் ஒன்றில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும், வெளியே போகாமல் உள்ளேயே இருந்தாலும், இடைத்தங்கல் விசா தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. லண்டன் மாநாட்டுக்குப் போகிறவர் மலிவு ரிக்கற் என்று பிராங்பேர்ட் வழியாக வாங்கினால் தமக்கு விலக்கு உண்டா என்று விசாரித்த பிறகே காசு கட்ட வேண்டும். டோகா, டுபாய், இஸ்தான்புல் வழியாகப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பாரிசுக்கு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் கொழும்பிலிருந்து நேரடியாகவும் பறக்கிறது.

கட்டுநாயக்க வரை

அளவெட்டிக்கு அருகே மல்லாகத்திலும் தெல்லிப்பழையிலும் ரயில் நிலையங்கள் உண்டு. கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பெட்டியோடு போகிறவர்கள் பலர் இரவு பஸ்ஸையே விரும்புகிறார்கள். புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் கொழும்புக்குள் போகாமலே கட்டுநாயக்கப் பக்கம் இறங்கிவிடலாம். பதிவு செய்யும்போதே பாதையைக் கேட்க வேண்டும். விமானம் காலையில் என்றால் முதல்நாள் பகலே புறப்படுவது நல்லது. வழியில் பஸ் பழுதானால் விமானம் காத்திருக்காது.

பெட்டிக்குள் என்ன போடலாம் என்பது அடுத்த கேள்வி. அம்மாமார் கட்டித் தருவதில் பாதி ஐரோப்பியச் சுங்கத்தில் நின்றுவிடும். இறைச்சி, பால், பாலிற் செய்தவை எதுவும் கொண்டுபோக முடியாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கறிவேப்பிலையும் முருங்கையிலையும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போகாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம். கருவாடு 20 கிலோ வரை கொண்டுபோகலாம். ஆனால் நன்றாகப் பொதி செய்யாவிட்டால் மாநாட்டு உடுப்பெல்லாம் மணக்கும். ஒடியல் மா, பருத்தித்துறை வடை, மிளகாய்த்தூள் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. மருந்துகளை மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். 10,000 யூரோவோ அதற்கு மேலோ காசு இருந்தால் அறிவிக்க வேண்டும்.

இலங்கையின் மூன்று சதுரமுனைச் செருகி ஐரோப்பாவில் பொருந்தாது. அங்கே வட்டமான இரண்டு முனை. ஜனவரியில் பாரிசில் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழேதான். ஜம்பர் ஒன்று போதாது, நல்ல குளிர் அங்கியை உறவினரிடம் இரவல் கேட்கலாம். நேரம் குளிர்காலத்தில் நாலரை மணியும் கோடையில் மூன்றரை மணியும் ஊருக்குப் பின்னால். மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அந்த வார இறுதியில் மாநாடு என்றால் கவனம்.

பி பாதை

பாரிசில் வந்து இறங்குவது சார்ல் து கோல் விமானநிலையம். 2025 ஒக்ரோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் கடவுச்சீட்டு முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு படிப்படியாக வந்தது. முகப்படம் எடுப்பார்கள், வரிசை நீளலாம். அழைப்புக் கடிதம், திரும்பும் ரிக்கற், தங்குமிடச் சான்று, காப்புறுதி நான்கும் பெட்டியில் அல்ல, கையில் இருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் ஆர்.ஈ.ஆர். ரயிலின் பி பாதையைத் தேட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மாநாட்டுக்குப் போகிறவருக்கு இந்த ஒரு பாதை தெரிந்தாலே பாரிசில் பாதி தெரிந்ததற்குச் சமம். விமானநிலையத்தில் ஏறினால் கார் து நோர் என்ற பெரிய நிலையம் வரும். அங்கிருந்து பத்து நிமிட நடையில் லாச்சப்பல். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், மளிகைக் கடைகள், நகைக்கடைகள், கொத்துரொட்டி எல்லாம் அங்கே. இறங்காமல் அதே ரயிலில் தொடர்ந்தால் இரண்டாவது நிறுத்தம் சென் மிஷெல். அங்கே ஏறி வந்தால் பல்கலைக்கழக வட்டாரம். 1970 இல் தமிழாராய்ச்சி மாநாடு நடந்த கொலேஜ் து பிரான்ஸ் நடைதூரத்தில் இருக்கிறது.

2025 இல் விமானநிலைய ரிக்கற் 13 யூரோ, நகருக்குள் ஒரு மெற்றோ பயணம் 2.50 யூரோ. கட்டணம் ஆண்டுதோறும் மாறும். வெளியே வரும்வரை ரிக்கற்றை எறியக் கூடாது. பரிசோதகர் பிடித்தால் தண்டப்பணம். கார் து நோரில் திருடர்கள் அதிகம். கடவுச்சீட்டை உடுப்பின் உள்ளே வைத்து, அதன் படத்தை மின்னஞ்சலில் போட்டு வைக்க வேண்டும். தொலைந்துவிட்டால் பொலிஸ் முறைப்பாட்டோடு பாரிஸ் 16 ஆம் வட்டாரத்திலுள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அவசர இலக்கம் 112. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், போத்தல் வாங்கத் தேவையில்லை.

அளவெட்டிக்காரருக்குக் கும்பழாவளைப் பிள்ளையாரை விட்டு வந்த குறை இருந்தால், லாச்சப்பலுக்கு அருகே பஜோல் வீதியில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1985 இல் தொடங்கிய கோயில் அது. கோடை முடிவில் அதன் தேர் பாரிஸ் வீதிகளில் இழுக்கப்படுகிறது.

மேடையில்

இவ்வளவு தூரம் வந்து மேடையில் எழுத்து உடைந்துபோவதைப் போல வேதனை வேறில்லை. யாழ்ப்பாணத்தில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். மாநாட்டு மண்டபத்துக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. மஹாகவியின் கவிதைவரி திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். தமிழ் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றி, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்பாகச் சேமித்து, பென் டிரைவ் ஒன்றிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளே மண்டபக் கணினியில் திறந்து பார்க்க வேண்டும். நாதஸ்வர ஒலிப்பதிவு போன்றவை இருந்தால் ஒலிபெருக்கியையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்தான். தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டி நிறுத்திவிடுவார். வரவேற்பும் நன்றியும் சொல்வதில் மூன்று நிமிடம் போனால் ஆய்வு முடிவைச் சொல்ல நேரம் இருக்காது. வீட்டில் சத்தமாக மூன்று முறை வாசித்து நேரம் பார்த்துவிட்டுப் போவதே ஒரே வழி. பேசி முடிந்ததும் வரும் கேள்விகளும், தேநீர் இடைவேளையில் கிடைக்கும் அறிமுகங்களும்தான் அடுத்த அழைப்புக் கடிதத்தைக் கொண்டுவரும்.

திரும்பும்போது பங்கேற்புச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிட வேண்டும். விமான ஏறுசீட்டுகளையும் எறியக் கூடாது. விசா முடியும் நாளுக்கு முன் புறப்பட்டு, சொன்னபடி வந்து சேர்ந்ததற்கு அவையே சாட்சி. ஊர் வந்ததும் அவற்றையும் அழைப்புக் கடிதத்தையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வாசித்த கட்டுரையின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். அடுத்ததாக இந்த ஊரிலிருந்து புறப்படும் பிள்ளை உங்களிடம் வந்து கேட்டால், அந்தக் கோப்பைத் திறந்து காட்டுங்கள்.